பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இலவசச் சட்ட உதவியும் பெண் வழக்கறிஞர்களும்

வழக்குத் தொடரவோ, தம்மீது தொடரப்பட்ட வழக்கை எதிர்கொள்ளவோ அரசின் செலவில் வழக்கறிஞரைப் பெறுவது இலவசச் சட்ட உதவி எனப்படும். இந்தியாவில் இது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி கிடைக்கிறது. இது பரம ஏழைகளுக்கு மட்டுமே உரியது என்று படித்தவர்களில் பலரும்கூட நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பொறுத்தவரை அது சரியல்ல. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, உதவி பெறத் தகுதியுடையோரின் பட்டியலில் "ஒரு பெண் அல்லது ஒரு குழந்தை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறது. ஏழைப் பெண் என்றோ, கைவிடப்பட்ட பெண் என்றோ சொல்லவில்லை. ஆகவே பெண்ணுக்கும் 18 வயது நிறையாத குழந்தைக்கும் வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழும் தேவையில்லை. கணவர் அரசு ஊழியராக இருந்தாலும், வீட்டில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தாலும் மனைவி இந்த உதவியைக் கேட்கலாம். வீட்டில் பணம் இருப்பது வேறு, அது அவள் கையில் இருப்பது வேறு என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள்.

இவ்வழக்குகளில் பெண் வழக்கறிஞர்களின் பங்கு என்ன, இந்த முறை எப்படி உருவானது, திருவண்ணாமலை போன்ற ஒரு மாவட்டத்தில் அதை எப்படி அணுகுவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வேங்கிக்காலில் ஒரு திங்கட்கிழமை

திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று பழைய வடஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் ஆட்சியர் அலுவலகம், நகரையொட்டி வேலூர்ச் சாலையில் உள்ள வேங்கிக்காலில் அமைந்துள்ளது. திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடைபெறும். காலை ஒன்பது மணிக்கே அங்கே போய் நின்றால் மனு எழுதித் தருபவர்களைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். செங்கத்திலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து வருபவர் என்றால் விடியுமுன்னே மலையிலிருந்து பேருந்து ஏறியிருப்பார்.

அந்த மனுக்களில் பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் ஆகியவை ஆட்சியரால் தீர்க்கக்கூடியவை. "என் கணவர் என்னையும் பிள்ளைகளையும் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார், நடவடிக்கை எடுங்கள்" என்ற மனுவும் அவற்றோடு வரும். அதை ஆட்சியர் காவல்துறைக்கோ சமூக நலத்துறைக்கோ அனுப்பலாம். ஆனால் ஜீவனாம்சம் வழங்கவோ, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கவோ, அந்தப் பெண்ணை மீண்டும் அந்த வீட்டில் குடியமர்த்தும்படி ஆணையிடவோ நீதிமன்றத்தால்தான் முடியும். நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் வேண்டும், வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும் என்று எண்ணித்தான் அவர் மனு எழுதுபவரிடம் வந்திருக்கிறார். பணம் கொடுக்காமல் வழக்கறிஞர் கிடைப்பார் என்று அவருக்கு யாராவது சொல்லியிருந்தால் அன்றைய கூலியும் பேருந்துச் செலவும் மிஞ்சியிருக்கும்.

முன்னோடி: கொர்னேலியா சொராப்ஜி

இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் என்று குறிப்பிடப்படும் கொர்னேலியா சொராப்ஜியின் வாழ்க்கையே இந்தப் பொருளின் தொடக்கம் எனலாம். அவர் 1866இல் நாசிக்கில் பிறந்தார். 1889இல் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியில் சேர்ந்தார். 1892இல் தனி அனுமதி பெற்றுச் சட்டத் தேர்வை எழுதினார். அத்தேர்வை எழுதிய முதல் பெண் அவர்தான். தேர்வை எழுத விட்டவர்கள் பட்டத்தைத் தரவில்லை. ஆக்ஸ்போர்டு 1920 வரை பெண்களுக்குப் பட்டம் வழங்கியதில்லை.

1894இல் இந்தியா திரும்பிய அவருடைய கவனம் திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களின்மீது சென்றது. கணவரை இழந்த ஜமீன் குடும்பத்துப் பெண்களுக்குப் பெயரளவில் பெருஞ்சொத்து இருக்கும். அந்நிய ஆடவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற வழக்கத்தால் அவர்களால் எந்த வக்கீலிடமும் பேச முடியாது. காரியஸ்தரும் உறவினரும் நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைப்பதுதான் அவர்கள் அறிந்த சட்டம். அவர்களுடைய அறைக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதக்கூடிய வக்கீல் பெண்ணாகத்தான் இருக்க முடியும். ஆனால் பெண்ணை வக்கீலாக நீதிமன்றம் ஏற்கவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க அவர் அரசுக்குத் தொடர்ந்து எழுதினார். 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறையில் பெண் உதவியாளர் என்ற பதவி அவருக்குக் கிடைத்தது. வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் பகுதிகளில் படகிலும் பல்லக்கிலும் பயணம் செய்து, ஏறத்தாழ 20 ஆண்டுப் பணிக்காலத்தில் 600க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் சட்ட உதவி செய்தார். பெண்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்யலாம் என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 56. அவர் 1954இல் மறைந்தார்.

பெண் கட்சிக்காரர்களின் தேவைதான் பெண் வழக்கறிஞர் என்ற தொழிலுக்கே வழி திறந்தது என்பது மாணவர்கள் கவனிக்கத் தக்கது. பாடநூல்களில் அவர் பெயர் "முதல் பெண்" என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது.

சட்டம் உருவான வழி

விடுதலைக்குப் பின் ஏழைகளுக்குச் சட்ட உதவி என்பது நெடுங்காலம் வழக்கறிஞர்களின் தரும காரியமாகவே இருந்தது. 1976இல் நிறைவேறிய 42ஆவது அரசமைப்புத் திருத்தம் 39அ என்ற உறுப்பைச் சேர்த்தது. பொருளாதாரக் குறைபாடோ வேறு இயலாமையோ காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படாதவாறு அரசு இலவசச் சட்ட உதவி வழங்க வேண்டும் என்று அது கூறுகிறது.

1979ஆம் ஆண்டின் ஹுசைனாரா காத்தூன் வழக்கு இதற்கு உயிர் கொடுத்தது. பீகார் சிறைகளில் விசாரணை இல்லாமலே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிய நாளிதழ்க் கட்டுரைகளைப் படித்த புஷ்பா கபிலா ஹிங்கோராணி என்ற பெண் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் அங்கே அடைபட்டிருக்கவில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்களும் சாட்சி சொல்ல வேண்டிய பெண்களும் குழந்தைகளும் "பாதுகாப்புக் காவல்" என்ற பெயரில் சிறையிலேயே வைக்கப்பட்டிருந்தது அவ்வழக்கில் வெளியே வந்தது. அவர்களை உடனே விடுவிக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இலவசச் சட்ட உதவி, வாழ்வுரிமையைக் கூறும் 21ஆம் உறுப்பிலேயே அடங்கியது என்றும் நீதிபதி பகவதியின் தீர்ப்பு கூறியது. இவ்வழக்கின் விளைவாக நாடு முழுவதும் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றதாகக் குறிப்பிடப்படுகிறது.

1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்நாள் தேசியச் சட்டப் பணிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தேசிய அளவிலும் மாநில அளவிலும் ஆணைக்குழுக்கள் உள்ளன. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மாவட்ட முதன்மை நீதிபதி தலைவர். நீதித்துறையைச் சேர்ந்த ஒருவர் செயலாளர். நீதிமன்றம் உள்ள வட்டங்களில் வட்ட சட்டப் பணிகள் குழு உண்டு. ஆகவே ஆரணியிலோ செய்யாற்றிலோ வந்தவாசியிலோ வசிப்பவர் மாவட்டத் தலைநகருக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். ஓடும் ரயிலில் வீட்டு வேலைப் பெண்கள் இராணுவத்தினரால் பாலியல் வன்முறைக்கு ஆளான சம்பவம் தொடர்பாக, 1994இல் டெல்லி வீட்டு வேலைப் பெண்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சில நெறிகளை வகுத்தது. புகார் தரும் பெண்ணுக்குக் காவல் நிலையத்திலிருந்தே வழக்கறிஞரின் துணை வேண்டும். விசாரணையைத் தொடங்கும்முன் அந்த உரிமையைக் காவல்துறை அவருக்குச் சொல்ல வேண்டும். உதவத் தயாராக உள்ள வழக்கறிஞர்களின் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் உள்ளன. அந்தப் பட்டியல் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று அங்கே செல்பவர்கள் பார்க்கலாம்.

வழக்கறிஞர் என்ன செய்கிறார்

சட்ட உதவிக்காக ஆணைக்குழு தேர்ந்தெடுத்து வைத்திருப்பவர்களைப் பட்டியல் வழக்கறிஞர்கள் என்பர். இவர்கள் அரசு வழக்கறிஞர்கள் அல்லர். தனியாகத் தொழில் செய்துகொண்டே இவ்வழக்குகளையும் எடுத்து நடத்துபவர்கள். இவர்களுக்கான கட்டணத்தை ஆணைக்குழு தருகிறது. கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது விதி. நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், தீர்ப்பு நகல் பெறும் செலவு ஆகியவற்றையும் ஆணைக்குழுவே ஏற்கும்.

விளங்கிக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரு குழந்தைகளின் தாய் வருகிறார். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார், ஒருநாள் வீட்டைப் பூட்டி வெளியே நிறுத்திவிட்டார். அவர் இப்போது தாய்வீட்டில் இருக்கிறார். முதல் சந்திப்பில் அவர் சொல்வதெல்லாம் மாமியாரைப் பற்றியும் நகையைப் பற்றியுமே இருக்கும். அடித்ததைச் சொல்ல மாட்டார். சொன்னாலும் "எல்லா வீட்டிலயும் நடக்கறதுதானேம்மா" என்பார். படுக்கையறைக் கொடுமையை ஆண் வழக்கறிஞரிடம் அவர் சொல்லப்போவதே இல்லை. எதிரே பெண் வழக்கறிஞர் இருந்தால் மூன்றாவது சந்திப்பிலாவது அது வரும். வழக்கின் உயிர்நாடி பெரும்பாலும் அந்த மூன்றாவது சந்திப்பில்தான் இருக்கிறது. மனுவில் எழுதப்படாத கொடுமையைக் குறுக்கு விசாரணையில் புதிதாகச் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பொய்யென்று தள்ளுவார்.

அடுத்தது எந்தச் சட்டத்தின்கீழ் போவது என்ற தேர்வு. "புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம், சோத்துக்கு வழி பண்ணுங்க" என்பதுதான் பலருடைய கோரிக்கை. அதற்கு ஏற்றது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இதன்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு செய்தால், கணவர் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணை, வீட்டில் குடியிருக்கும் ஆணை, பணம் வழங்கும் ஆணை, குழந்தைகளைத் தாயிடம் ஒப்படைக்கும் ஆணை, இழப்பீடு ஆகியவற்றை ஒரே மனுவில் கேட்கலாம். அவசரமென்றால் இடைக்கால ஆணையும் கிடைக்கும். பாதுகாப்பு ஆணையை மீறினால்தான் அது குற்றமாகி, ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இச்சட்டத்தில் பலருக்குத் தெரியாத வசதி ஒன்று உண்டு. பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். கணவர் பெங்களூரில் இருந்தாலும் தாய்வீடு போளூரில் இருந்தால் போளூரிலேயே வழக்கு நடக்கும். வாய்தாவுக்கு வாய்தா பெங்களூர் போய்வர வேண்டும் என்று பயந்து வழக்கே வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு.

ஜீவனாம்சம் மட்டும் போதுமென்றால் முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறியுள்ள வழி இருக்கிறது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும், இருதரப்பும் சொத்து வருமான விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கூறியது. கணவரின் உண்மையான வருமானத்தைக் கண்டுபிடிப்பதுதான் இவ்வழக்குகளில் கடினமான வேலை. கட்டட மேஸ்திரிக்கும் லாரி ஓட்டுநருக்கும் சம்பளச் சீட்டு ஏது? வங்கிக் கணக்கு, வாகனப் பதிவு, கடன் தவணை, நில ஆவணம் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது வழக்கறிஞரின் திறமை.

ஆணை கிடைத்ததோடு முடிவதில்லை. கணவர் இரண்டு மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிடுவார். அப்போது நிலுவைத் தொகையை வசூலிக்கத் தனி மனு போட வேண்டும். தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனுவைப் போடாவிட்டால் அந்தத் தொகைக்கு வசூல் ஆணை பெற முடியாது. "எப்படியும் கோர்ட்டு வாங்கிக் கொடுக்கும்" என்று மூன்று ஆண்டு காத்திருந்தவர்கள் அதில் இரண்டு ஆண்டுப் பணத்தை இழந்திருக்கிறார்கள். வசூல் மனுவுக்கும் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் என்றொரு பதவி உண்டு. தமிழ்நாட்டில் சமூக நலத்துறையின்கீழ் மாவட்டந்தோறும் இவர் இருக்கிறார். இவரிடம் நேராகச் சென்று புகார் சொல்லலாம். புகார் பெறும் காவல் அலுவலரும் பாதுகாப்பு அலுவலரும் நடுவரும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை இருப்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது.

குழந்தைத் திருமணம்

ஆசிரியர்களுக்குப் பழக்கமான காட்சி ஒன்று உண்டு. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே தொடர்ந்து "வரவில்லை" என்று எழுதிக்கொண்டே வருவோம். இரண்டு வாரம் கழித்து "அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு சார்" என்று பக்கத்து இருக்கைப் பிள்ளை சொல்லும். நாமும் பெயரை நீக்கிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். என் பணிக்காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். அதற்குமேல் செய்ய ஏதாவது இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2007 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி 18 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு நடந்த திருமணம் பெரும்பாலும் தானாகவே செல்லாததாகிவிடாது. கடத்தல், ஏமாற்று, விற்பனை போன்ற சூழல்களில் நடந்ததும், நீதிமன்றத் தடையை மீறி நடந்ததும் மட்டுமே தொடக்கத்திலிருந்தே செல்லாதவை. மற்றவற்றில் அந்தப் பெண் மாவட்ட நீதிமன்றத்தில் மனு செய்து ரத்துச் செய்துகொள்ள வேண்டும். தாலியைக் கழற்றிவிட்டுத் தாய்வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் திருமணம் முடிந்துவிட்டது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது நீடிக்கிறது. பின்னாளில் வேறு திருமணம் செய்யும்போது இது பெரிய சிக்கலாக வந்து நிற்கும்.

ரத்துக்கான காலவரம்பு முக்கியம். பெண் 18 வயது நிறைந்து இரண்டு ஆண்டுக்குள், அதாவது 20 வயது நிறைவதற்குள் மனு செய்ய வேண்டும். அவள் இன்னும் 18 நிறையாதவள் என்றால் காப்பாளர் அல்லது நெருங்கிய நண்பர் வழியாக, குழந்தைத் திருமணத் தடை அலுவலருடன் சேர்ந்து மனு செய்யலாம். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலரே அந்த அலுவலர். ரத்துச் செய்யும்போது பெண்ணுக்கு மறுமணம் ஆகும்வரை ஜீவனாம்சமும் தங்குமிடமும் வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம். அவ்வுறவில் பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தையே. பெற்றோரே திருமணத்தை நடத்திவைத்தவர்களாக இருப்பதால் இந்தப் பெண்களுக்கு வழக்கறிஞர் அமர்த்த வீட்டில் எவரும் பணம் தர மாட்டார்கள். இலவசச் சட்ட உதவி இல்லாவிட்டால் இச்சட்டப் பிரிவு இவர்களுக்குப் பயன்படவே வழியில்லை. பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் இவ்வழக்குகளில் முதன்மைச் சான்று என்பதால் தலைமையாசிரியர்கள் அதைத் தாமதமின்றி வழங்குவது பேருதவி.

போக்சோ வழக்குகளில்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்துபவர் சிறப்பு அரசு வழக்கறிஞர். அப்படியிருக்கக் குழந்தைக்குத் தனி வழக்கறிஞர் எதற்கு என்று கேட்கலாம். அரசு வழக்கறிஞர் அரசின் வழக்கறிஞர். அவருடைய மேசையில் பல வழக்குகள் இருக்கும். குழந்தையின் பக்கம் நின்று இழப்பீடு கேட்பதும், ஜாமீன் மனுவை எதிர்ப்பதும், சாட்சி சொல்லும் நாளுக்கு முன் அந்தக் குழந்தைக்கு நீதிமன்ற அறையைப் பற்றி எடுத்துச் சொல்வதும் வேறொருவர் செய்ய வேண்டிய வேலை. குடும்பத்தினர் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், இயலாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு தர வேண்டும் என்று 40ஆம் பிரிவு கூறுகிறது.

குழந்தை குற்றவாளியை நேருக்கு நேர் பார்க்காதபடி சாட்சியம் பதிவுசெய்யப்பட வேண்டும். அதட்டலான கேள்விகளையும், நடத்தையைப் பழிக்கும் கேள்விகளையும் நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது. குழந்தையை அடிக்கடி நீதிமன்றத்துக்கு அழைக்கக் கூடாது. இவையெல்லாம் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளன. ஆனால் கேள்வி எல்லை மீறும் அந்த நொடியில் எழுந்து ஆட்சேபிக்க ஒருவர் அங்கே இருந்தால்தான் எழுத்து செயலாகும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, விசாரணைக் காலம் முழுவதும் குழந்தைக்குத் துணையாக இருக்க ஆதரவு நபர் ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குப் பணம் வழங்கவும் அக்குழு பரிந்துரைக்கலாம். வழக்கு முடியும்வரை காத்திராமல் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் இழப்பீடு என்ற எண்ணம் தவறானது.

குற்றம் செய்ததாகக் கூறப்படும் சிறுவர்களுக்கும் இவ்வுதவி உண்டு. இளைஞர் நீதிக் குழுமம் அவர்களுக்கு வழக்கறிஞர் கிடைப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில்

ஆணைக்குழுவின் பட்டியலுக்கு வெளியேயும் கட்டணம் பாராமல் இப்பணியைச் செய்த பெண் வழக்கறிஞர்கள் தமிழ்நாட்டில் உண்டு. சென்னையில் சுதா ராமலிங்கம், கீதா ராமசேஷன் ஆகியோர் பெண்கள், குழந்தைகள் உரிமை வழக்குகளில் நெடுங்காலம் பணியாற்றியவர்கள். மூத்த வழக்கறிஞர் ஆர். வைகை வாச்சாத்தி வழக்கில் பாதிக்கப்பட்டோருக்காக வாதாடியவர். நம் மாவட்டத்துக்கு அண்டையிலுள்ள தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகில் உள்ள பழங்குடிக் கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே நடத்திய சோதனையில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் சரியாக 12 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று அதை உறுதிசெய்தது. 31 ஆண்டுகள் அந்தப் பெண்கள் வாக்குமூலத்திலிருந்து மாறவில்லை. அத்தனை காலமும் கட்டணம் தர இயலாத கட்சிக்காரர்களுக்காக வழக்கறிஞர்கள் தொடர்ந்து வந்து நின்றார்கள்.

மும்பையில் ஃபிளேவியா ஆக்னஸ், தாமே குடும்ப வன்முறையிலிருந்து மீண்டு, பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். அவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மஜ்லிஸ் அமைப்பு பெண்களுக்கு வழக்கு நடத்தித் தருகிறது. இலங்கையில் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. 1944இல் மெக்சிகோவில் தொடங்கிய பன்னாட்டுப் பெண் வழக்கறிஞர் கூட்டமைப்பின் கென்யக் கிளை 1985 முதல் இயங்கிவருகிறது. வழக்கறிஞர் போதாத இடங்களில் பெண்கள் தங்கள் வழக்கில் தாங்களே நின்று பேச அது பயிற்சி தருகிறது. நம் ஊருக்கும் ஏற்ற யோசனை இது.

குறைகள்

பணம் வாங்காத வக்கீல் ஒழுங்காக வாதாடுவாரா என்ற சந்தேகம் மக்களிடம் வலுவாக உள்ளது. அதை முற்றிலும் தவறென்று சொல்லிவிட முடியாது. ஆணைக்குழு தரும் கட்டணம் தனி வழக்கில் கிடைப்பதைவிடக் குறைவு. அனுபவம் குறைந்தவர்களிடம் சிக்கலான வழக்குகள் போய்ச் சேர்வதுண்டு. வாய்தாவுக்கு வராத வழக்கறிஞரைப் பற்றிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறொருவரைக் கேட்கலாம். வழக்குகளின் நடப்பைக் கவனிக்கக் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. இந்த விவரம் பெரும்பாலான கட்சிக்காரர்களை எட்டுவதில்லை.

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. அங்கே வழக்கு விரைவாக முடியும், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. "எத்தனை நாள் கோர்ட்டுக்கு அலைவே, இதை வாங்கிக்கிட்டு முடிச்சுக்கோ" என்று நெருக்கும் உறவினருக்கு நடுவில் பெண் குறைந்த தொகைக்குச் சம்மதித்துவிடுகிறார். அந்த இடத்தில் உடனிருந்து, சம்மதம் உண்மையானதா என்று தனியே அழைத்துக் கேட்பது அவருடைய வழக்கறிஞரின் கடமை. சமரசத்துக்கு இடமில்லாத குற்ற வழக்குகளை மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கவே முடியாது. போக்சோ வழக்கில் சமாதானம் பேச வருபவர் எவராயினும் அவர் சொல்வது சட்டமன்று.

பெண் வழக்கறிஞர் என்றாலே குடும்ப வழக்குதான் என்று ஒதுக்கிவிடுவதும் நடக்கிறது. நில வழக்கு, கொலை வழக்கு நடத்த விரும்பும் இளம் பெண் வழக்கறிஞர்களுக்கு இது மனக்குறை, அதில் நியாயமும் உண்டு. அதேபோல், பெண் என்பதாலேயே ஒருவர் பெண்ணின் வலியைப் புரிந்துகொள்வார் என்பதற்கும் உறுதி இல்லை. "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமேம்மா" என்று சொல்லும் பெண் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். காவலில் இருப்பவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. மனைவியின் புகாரில் கைதான கணவருக்கும் அதே ஆணைக்குழு வழக்கறிஞரைத் தரும். இதைக் கண்டு "அரசாங்கமே அவனுக்கும் வக்கீல் வைக்கிறதே" என்று பெண்கள் கோபப்படுகிறார்கள். இருவருக்கும் வெவ்வேறு வழக்கறிஞர்கள்தாம் அமர்த்தப்படுவார்கள்.

எப்படி அணுகுவது

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முன் அலுவலகம் இருக்கும். வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழுவின் அலுவலகம் இருக்கும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்குள்ளவர்களோ சட்டத் தன்னார்வலரோ எழுதிக் கைநாட்டுப் பெற்றுக்கொள்வார்கள். பெண் வழக்கறிஞர்தான் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேட்கலாம், அது பரிசீலிக்கப்படும். வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்த்து, உடனடியாகவும், அதிகபட்சம் ஏழு நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் ஆணைக்குழுத் தலைவரிடம் முறையிடலாம்.

நேரில் வர இயலாதவர்கள் 15100 என்ற தேசியச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். ஆபத்தில் உள்ள பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

திருமணப் பத்திரிகை அல்லது புகைப்படம், ஆதார் அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்று, காவல் நிலையத்தில் தந்த மனு ஏற்புச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு ஆகியவை இருந்தால் கொண்டுசெல்ல வேண்டும். இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். வீட்டைவிட்டு இரவில் வெளியேறியவரிடம் இவை இருக்காது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். வருமானச் சான்றிதழ் கேட்டால், சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்ணுக்கு அது தேவையில்லை என்று சொல்லலாம். கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து, தேதியுடன் ஒப்புகை வாங்கி, கணவர் வீட்டார் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.